மதுரை வரைக்கும் டிக்கெட்

பையை வாங்கிக்கொள்வார்கள் என்று மகன் மணிபாரதி சொல்லவே இல்லை. டெல்லி விமான நிலையத்தில், விமானத்துக்குள் போகிற வாசலில், யூனிஃபார்ம் போட்ட பெண்ணொருத்தி கஸ்தூரியின் மடியில் இருந்த பையைப் பார்த்தாள். தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்த, பை அளவு பார்க்கிற இரும்புச் சட்டத்துக்குள் நுழைத்துப் பார்த்தாள். அது பாதிக்கு மேல் இறங்கவில்லை. இந்தியில் ஏதோ சமாதானம் சொல்லி, கைப்பிடியில் நீளமாக ஒரு வெள்ளைச் சீட்டைச் சுற்றி ஒட்டி, அதன் வாலை மட்டும் கிழித்துக் கஸ்தூரியின் கையில் கொடுத்தாள். பை போய்விட்டது. எழுந்து ஓடிப் பிடுங்கியிருப்பாள் கஸ்தூரி. ஆனால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், நடக்க முடியாதவள் என்று சொல்லித்தான் அந்த நாற்காலியே வாங்கியிருந்தது.

தப்பு அவளுடையதுதான். "சின்னப் பையா எடுத்துக்கம்மா, கையிலியே வெச்சிக்க, யார்கிட்டயும் குடுக்காத" என்று மகன் பத்து தடவை சொன்னான். அவளும் சின்னப் பையாகத்தான் எடுத்தாள். பிறகு டெல்லிக் குளிருக்கென்று அவன் வாங்கிக் கொடுத்த ரஜாயை, அந்தப் பஞ்சுப் போர்வையை, விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. முட்டி போட்டு அமுக்கி, ஜிப்பை இழுத்து மூடியபோது பை எட்டு மாசத்துப் பசு மாதிரி ஆகியிருந்தது. வீட்டுச் சாவியும் ரஜாய்க்குள்ளேதான் இருந்தது, பத்திரமாக இருக்கட்டுமென்று அவளே வைத்தது.

பைக்கு ஒட்டிய சீட்டில் மதுரை என்று போட்டிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். டிக்கெட் மதுரை வரைக்கும்தான் இருந்தது. டெல்லியிலிருந்து சென்னை, சென்னையில் விமானம் மாறி மதுரை. கஸ்தூரிக்கு மதுரையில் ஒரு வேலையும் கிடையாது, அந்த ஊரை அவள் பார்த்ததும் கிடையாது. ஆனால் அவசரத்துக்குத் தேடியபோது சென்னை வரைக்கும் போகிற டிக்கெட்டைவிட, சென்னை வழியாக மதுரை போகிற டிக்கெட் பாதி விலைக்கு இருந்தது. தூரம் அதிகமானால் விலை குறையுமா என்று அவள் கேட்டாள். அதெல்லாம் அப்படித்தான் என்றான் மணிபாரதி. சென்னையில் இறங்கி நேராக வெளியே போய்விட வேண்டும், மதுரைக்காரர்கள் மதுரைக்குப் போகட்டும், இதுதான் திட்டம். பைக்கில் போய் விழுந்து கால் உடைந்து, ரெண்டு மாசமாக வேலைக்குப் போகாமல் கட்டிலில் கிடக்கிறவன் போட்ட திட்டம். அந்தக் காலுக்கு ஆக்கிப்போடத்தான் அவள் டெல்லிக்குப் போனாள்.

நாற்காலியும் அவன் யோசனைதான். ஊரிலிருந்து வந்தபோது அவள் டெல்லி விமான நிலையத்துக்குள் வழி தெரியாமல் ஒன்றரை மணி நேரம் சுற்றினாள், ஒருத்தனும் தமிழ் பேசவில்லை. அதனால் இந்தத் தடவை வீல்சேர் போட்டுவிட்டான். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க வெளியூருக்குப் பறந்துபோகிற தாய்தகப்பன் பாதிப் பேர் நாற்காலியில்தான் போய் வருகிறார்கள், வீட்டுக்கு வந்த மறுநாள் மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விடுகிறார்கள்.

இவ்வளவு அவசரம் எதற்கென்றால் அவள் கரும்புக்குச் சர்க்கரை ஆலையின் வெட்டு உத்தரவு வந்துவிட்டது. மாசிக்குமேல் வர வேண்டியது, தை பாதியிலேயே அவள் போனுக்கு மெசேஜாக வந்து நின்றது. இன்றைக்குச் சாயங்காலம் கரும்பு வெட்டுகிற செல்லப்பன் மேஸ்திரியின் ஆட்கள் அவள் ஊரான கரையாம்புத்தூருக்கு வந்துவிடுவார்கள். ஆலைக்காரனுக்குச் செவ்வாய்க்கிழமை வெள்ளிக்கிழமை எல்லாம் ஒன்றுதான். ஆனால் வெட்டுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. கரும்பு நிற்கிற கொல்லைக்குச் சொந்தக்காரர் ஈசானி மூலையில் கற்பூரம் ஏற்றி, தன் கையால் முதல் குத்தை, ஒரு தூர்க் கரும்பை, வெட்டிப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர்கள் கத்தி எடுப்பார்கள். யார் முதல் குத்து வெட்டினாரோ, வண்டி எப்போது வரும், கட்டு எங்கே போட வேண்டும், வெட்டிய கட்டையில் துளிர்க்கிற கரும்புக்குத் தண்ணீர் எப்போது என்று எல்லாவற்றையும் அவரிடம்தான் வந்து கேட்பார்கள். ஊரும் அந்தக் கொல்லையை அவர் பெயரைச் சொல்லித்தான் அழைக்கும்.

போன வருஷம் முதல் குத்து வெட்டியவன் அவளுடைய கொழுந்தன் அரங்கநாதன். புருஷன் செத்து நாலு மாசம்கூட ஆகாத நேரம், தலைத் திவசம் ஆகாதவள் கற்பூரம் ஏற்றக் கூடாது என்றார்கள். சரி என்றாள். அப்புறம் ஒரு நாள் ரேஷன் கடையில் நிற்கும்போது எவளோ ஒருத்தி, "அரங்கநாதன் கொல்லைக்கு அந்தாண்ட இருக்குதே, அந்த வழியா" என்று யாருக்கோ வழி சொன்னாள். இருபத்தாறு வருஷம் கஸ்தூரியும் அவள் புருஷனும் குனிந்த கொல்லை அது. பட்டா இன்னமும் அண்ணன் தம்பி ரெண்டு பேர் பெயரிலும் கூட்டாகத்தான் கிடக்கிறது. அரங்கநாதன் கெட்டவன் இல்லை, அதுதான் சிக்கல். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுவிடலாம். இவன் "நீ எதுக்கு அண்ணி கஷ்டப்படற, நா பார்த்துக்கறன்" என்று சொல்லிச் சொல்லியே ஒவ்வொன்றாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தான். இந்த வருஷமும் அவன் கை முந்தினால் அடுத்த வருஷம் அவளை யாரும் கேட்கக்கூட மாட்டார்கள்.

நேற்று மத்தியானம் டெல்லியிலிருந்தே செல்லப்பனுக்குப் போன் போட்டாள். "பொழுது சாயறதுக்குள்ள யாராவது ஒருத்தர் கற்பூரம் ஏத்திடணும்மா. இல்லன்னா நாங்க அடுத்த கொல்லைக்குப் போயிடுவோம். யாரு ஏத்துனாலும் எங்களுக்கு ஒண்ணுதான்" என்றான் அவன். எனக்கு ஒண்ணு இல்ல மேஸ்திரி, என்று போனை வைத்த பிறகு சொன்னாள்.

சென்னையில் இறங்கும்போது மணி பத்தே கால். எல்லோரும் இறங்கிப் போகிற வரைக்கும் ஸ்வெட்டரும் காலுறையும் கான்வாஸ் ஷூவுமாக உட்கார்ந்திருந்தாள். நாற்காலியோடு ஒரு ஆள் வாசலில் நின்றான். நாற்பத்தைந்து வயசிருக்கும், சட்டையில் தமிழ்க்குமரன் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. அதைப் பார்த்ததுமே பாதி உயிர் வந்தது.

"கஸ்தூரி அம்மாதான? மதுரை கனெக்‌ஷன்?"

"நா இங்கியே எறங்கிக்கறம்பா."

"எறங்குங்க எறங்குங்க. எறங்கித்தான் அடுத்தது ஏறணும்" என்று சொல்லி உட்காரவைத்தான். கஸ்தூரி வாயைத் திறப்பதற்குள் நாற்காலி ஓட ஆரம்பித்துவிட்டது. யாரிடமும் எதையும் சொல்லாதே என்று மகன் சொல்லியிருந்தான். சொல்லாமல் எழுந்து நடந்துவிடலாம் என்றால், நடக்க முடியாதவள் எப்படி நடப்பது? வெளியே போகும் வழி என்று தமிழில் எழுதிய பலகை வலது பக்கம் வந்தது, அப்படியே பின்னால் போனது. நாற்காலி இடது பக்கம் திரும்பியது. வழி தவறக் கூடாதென்று போட்ட நாற்காலி, வழி தவறாமல் அவளை மதுரைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

மதுரைக்குப் போகிற வாசலின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தமிழ்க்குமரன் கையில் இருந்த தாளைச் சரிபார்த்தான். அவள் கையிலிருந்த போர்டிங் சீட்டை வாங்கி, "இதாம்மா மதுரைன்னு போட்டிருக்கு பாருங்க, இத மட்டும் தொலைச்சிடாதீங்க" என்று விரலால் தொட்டுக் காட்டித் திருப்பிக் கொடுத்தான். பக்கத்து நாற்காலி வரிசையில் ஒரு பெரியவர், ரெண்டு காலும் வீங்கி, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு வீல்சேர் வண்டி வர இருபது நிமிஷம் ஆகும் என்று யாரோ அந்த மகளிடம் சொன்னார்கள். கஸ்தூரிக்கு முகம் சுட்டது. நல்ல காலை வைத்துக்கொண்டு அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

மகனுக்குப் போன் போட்டாள். பையை வாங்கிக்கொண்டதைச் சொன்னாள், நாற்காலி போன வழியைச் சொன்னாள்.

"பை உள்ள போயிடுச்சா? நீ ஏறலன்னா பைய தேடி எறக்குவாங்கம்மா. ஃப்ளைட்டே லேட்டாவும். கேள்வி கேப்பாங்க. எம் பேர்லதான் புக் பண்ணியிருக்கன், எங்கம்பெனி ஐடில. பெரிய பிரச்சனை ஆயிடும். பேசாம மதுரைக்குப் போயிடு. அங்க பைய எடுத்துக்கிட்டு பஸ் புடிச்சி வந்துடு."

"ஊட்டுக்கு வர ராத்திரி ஒம்போது ஆயிடும்டா."

"ஆவட்டுமே. சித்தப்பாதான் இருக்காரு இல்ல. நா அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிடறன், அவரே ஆரம்பிச்சிடட்டும். யாரு வெட்டுனா இன்னாம்மா, கரும்பு ஆலைக்குத்தான போவுது?"

இவனுக்காக ரெண்டு மாசம் சப்பாத்தி மாவு பிசைந்த கை வலித்தது. பிள்ளை மேல் கோபம் வந்தது, கோபம் வந்த வேகத்தில் பாவமாகவும் இருந்தது. அவன் கொல்லையை விட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, அவனுக்கு அது போனில் வருகிற மெசேஜ்தான். அவளுக்கு அப்படி இல்லை. புருஷன் கடைசியாக நட்ட கரும்புக் கரணை அது. அவர் போன பிறகு வெட்டிவிட்ட கட்டையிலிருந்து மறுபடியும் துளிர்த்து, இந்த வருஷம் அவள் தலைக்கு மேல் நிற்கிறது. அவள் தனியாகத் தண்ணீர் கட்டி, தனியாகக் காய்ந்த சோகையை உரித்த கரும்பு.

"சித்தப்பனுக்குச் சொல்லு. நா மதுரைக்கு ஏறிட்டன்னே சொல்லு" என்றாள். அவன் ஏதோ கேட்பதற்குள் போனை அணைத்துவிட்டாள்.

எதற்கு அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே ஒரு நொடி கழித்துத்தான் விளங்கியது. இன்று செவ்வாய்க்கிழமை. மூணிலிருந்து நாலரை ராகு காலம். அண்ணி வருகிறாள் என்று தெரிந்தால் அரங்கநாதன் மூணுக்கு முன்னாலேயே போய் மேஸ்திரியை வரவழைத்துக் காரியத்தை முடித்துவிடுவான். வரமாட்டாள் என்று தெரிந்தால் ஆற அமர ராகு காலம் கழியட்டும் என்று உட்கார்ந்திருப்பான். ராகு காலத்தில் அவன் பீடிக்குக்கூடத் தீக்குச்சி கிழிக்க மாட்டான், அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். நாலரை வரைக்கும் கொல்லை யாருடையதும் இல்லை. சென்னையிலிருந்து நாலரைக்குள் போய்ச் சேர முடியும். மதுரையிலிருந்து முடியாது. பை போனால் போகிறது. பூட்டை உடைத்து வீட்டுக்குள் போய்விடலாம். கொல்லைக்குள் அப்படிப் போக முடியாது.

கஸ்தூரி எழுந்து நின்றாள்.

தமிழ்க்குமரன் பதறிப்போய்க் கையை நீட்டினான். "அம்மா, ஏம்மா, எதுனா வேணும்னா என்ன கேளுங்க!"

"இந்த வண்டிய அந்தப் பெரியவருக்குக் குடுப்பா. நா நடப்பன்."

வாசலில் நின்ற பெண் வந்தாள். சரண்யா என்று பெயர் அட்டை. சின்னப் பெண்தான், ஆனால் பேச்சு நிதானமாக இருந்தது. "அம்மா, உங்க பேக் இந்த ஃப்ளைட்ல லோட் ஆயிருக்கு. நீங்க ஏறலன்னா அத தேடி எறக்கணும். நூத்தி எழுபது பேர் வெயிட் பண்ணணும். எதுக்காக பாதியில போறீங்கன்னு நான் ரிப்போர்ட் எழுதணும். அடுத்த வாட்டி டிக்கெட் போடும்போது பிரச்சனை வரலாம். உடம்பு சரியில்லையா? டாக்டர கூப்பிடட்டுமா?"

உடம்பு சரியில்லை என்று சொன்னால் போதும், அந்தப் பெண்ணே வழி எடுத்துக் கொடுக்கிறாள். கஸ்தூரிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் இந்த நாற்காலியில் ஏற்கெனவே ஒரு பொய்யின் மேல் காலையிலிருந்து உட்கார்ந்து வந்திருந்தாள், இன்னொன்றைச் சுமக்க முடியாது போலிருந்தது.

"உடம்பெல்லாம் நல்லாதாம்மா இருக்குது. நா மதுரைக்குப் போறவளே இல்ல. சென்னைக்குத்தான் வந்தன். டிக்கெட்டு அது கொறைச்சலா இருந்துச்சுன்னு எடுத்தது. தப்புதான். ரிப்போர்ட்ட எழுதிக்கம்மா. புள்ள பேர எழுதாத, எம் பேர எழுது. கஸ்தூரி, கரையாம்புத்தூரு."

சரண்யா கடிகாரத்தைப் பார்த்தாள். "பேக் வேணும்னா ஒரு ஒன்றரை மணி நேரம் வெயிட் பண்ணணும்மா."

"அப்புறம் வந்து வாங்கிக்கறன். அதுக்கெல்லாம் நேரம் இல்ல."

"அந்தச் சீட்டு பத்திரம்" என்றாள் சரண்யா. வாக்கி டாக்கியை எடுத்து யாரிடமோ பையைப் பற்றி இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். பேசும்போது ஒரு தடவை கஸ்தூரி என்ற பெயர் கேட்டது. அங்கே உட்கார்ந்திருந்த நூற்று எழுபது பேரில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். கஸ்தூரி அவர்களைப் பார்த்துக் கும்பிட்டாள். அவளால் ஆனது அவ்வளவுதான்.

தமிழ்க்குமரன்தான் வெளியே கூட்டிக்கொண்டு வந்தான். அவள் வேகத்துக்கு அவனால் ஈடுகொடுக்க முடியவில்லை. "எம்மா, மெதுவாம்மா, கையெழுத்து வாங்கணும் உங்ககிட்ட!" என்று தாளைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தான். கண்ணாடிக் கதவருகில் வந்து நின்றதும் மூச்சு வாங்கக் கேட்டான். "இப்பிடி நடக்கறீங்க, எதுக்கும்மா வண்டி?"

"காலு நல்லாதாம்பா இருக்குது. வழிதான் தெரியாது" என்று சொல்லி, அவன் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு வழி அவளுக்குத் தெரிந்த வழிதான். கிளாம்பாக்கத்துக்கு டவுன் பஸ், அங்கிருந்து விழுப்புரம் பஸ். மேல்மருவத்தூரில் பதினைந்து நிமிஷம் நிற்கும் என்று டிரைவர் இறங்கியபோது, டீக்கடை வரைக்கும் அவளும் பின்னாலேயே போய், அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். அவன் ஏழே நிமிஷத்தில் பஸ்ஸுக்கு வந்துவிட்டான். திண்டிவனத்தில் மல்லாட்டை வாங்கி, கடலைத் தோலை உடைத்துத் தின்றாள், காலையிலிருந்து அதுதான் சாப்பாடு. ஸ்வெட்டரைக் கழற்றலாம் என்று தோன்றியது, கழற்றினால் வைக்கப் பை இல்லை. போனைத் திறக்கவில்லை. திறந்தால் மணிபாரதி அழுவான், அவன் அழுதால் அவள் இளகிவிடுவாள். விழுப்புரத்தில் மடுகரை பஸ் கிளம்பி வாசலைத் தாண்டிவிட்டிருந்தது. ஓடிப்போய் அதன் பின்பக்கத் தகரத்தை உள்ளங்கையால் தட்டினாள். நடக்க முடியாதவளுக்கு அன்றைக்கு நல்ல ஓட்டம். மடுகரையில் ஷேர் ஆட்டோவுக்கு ஆள் சேருகிற வரைக்கும் காத்திருக்காமல் தனியாகவே ஏறினாள். கரையாம்புத்தூர் தெருவில் ஆட்டோ நுழைந்தபோது வீட்டுக் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தாள், நிறுத்தச் சொல்லவில்லை.

வரப்பில் இறங்கும்போது நாலரை தாண்டிப் பத்து நிமிஷம் இருக்கும். செல்லப்பனின் ஆட்கள் பன்னிரண்டு பேர் கொல்லையோரமாகக் குந்தியிருந்தார்கள், தலைப்பாகை கட்டி, கத்திகளை மடியில் வைத்துக்கொண்டு. ஈசானி மூலையில் செங்கல் மேல் வெற்றிலை வைத்து, வெற்றிலை மேல் கற்பூரம் வைத்திருந்தது. தேங்காய் இருந்தது. அரங்கநாதன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் விபூதியோடு முதுகைக் காட்டிக் குனிந்து தீக்குச்சி கிழித்துக்கொண்டிருந்தான். தைக் காற்று கரும்புத் தோகையெல்லாம் சலசலக்க அடித்தது. குச்சி பற்றியது, கற்பூரத்துக்குப் போவதற்குள் அணைந்தது. கீழே அணைந்த குச்சிகள் ஏழெட்டுக் கிடந்தன. அவன் இடது கக்கத்தில் இருந்த கத்தியை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. கைப்பிடியில் சிவப்பு வயர் சுற்றியது, அவள் புருஷன் சுற்றியது. போன வருஷம் எடுத்துப்போனவன் திருப்பித் தரவே இல்லை.

"தம்பி" என்றாள்.

அரங்கநாதன் திரும்பினான். ஸ்வெட்டர், காலுறை, சேறு அப்பிய கான்வாஸ் ஷூ, கையில் ஒன்றும் இல்லை. பேயைப் பார்த்தவன் மாதிரி பார்த்தான்.

"இன்னா அண்ணி இது, மதுரைக்கு ஏறிட்டன்னு மணி சொன்னானே!"

"சொல்லச் சொன்னன். சொன்னான்."

"நீ ஏன் இப்பிடி ஓடியார? நாந்தான் இருக்கன் இல்ல? ஊட்டுக்குப் போயி கை கால் கழுவு. இத முடிச்சிட்டு நானே வரன்."

"நீ இருக்கறது தெரியும் தம்பி. எப்பவும் இருப்ப. அதுக்காக நா இல்லன்னு ஆயிடுமா?"

அவன் கோபப்படவில்லை. நகரவும் இல்லை. கக்கத்தில் இருந்த கத்தியைக் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டான். குந்தியிருந்தவர்களில் ஒருத்தன் மேற்கே பொழுதைப் பார்த்தான். கஸ்தூரி தீப்பெட்டியைக் கேட்டாள். அரங்கநாதன் கொடுத்தான். அதில் ஒரே ஒரு குச்சி இருந்தது.

செங்கல்லுக்கு முன்னால் காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். ஜாக்கெட்டுக்குள் கை விட்டு விமானச் சீட்டுகள் இரண்டையும் எடுத்தாள். பைக்கான வால் சீட்டை மறுபடி உள்ளே செருகிக்கொண்டாள். மற்றதைத் திரி மாதிரி சுருட்டி, ஸ்வெட்டரின் மடிப்புக்குள் மறைத்து, இருந்த ஒரு குச்சியைக் கிழித்து அதன் முனையில் வைத்தாள். அந்தக் காகிதம் தீப்பிடிப்பதற்கு முன்னாலேயே சூட்டில் கறுத்துக்கொண்டு வந்தது. தமிழ்க்குமரன் விரலால் தொட்டுக் காட்டிய எழுத்துகள் முதலில் கறுத்து மறைந்தன. பிறகு பற்றியது. விரலைச் சுடுகிற வரைக்கும் விடாமல் கற்பூரத்தின் மேல் பிடித்திருந்தாள். கற்பூரம் ஒரு தடவை தயங்கி, பிறகு காற்றையும் மீறி நின்று எரிந்தது.

பின்னால் பன்னிரண்டு பேரும் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. செல்லப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு முன்னால் வந்தான். அரங்கநாதனையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"கட்டு எந்தப் பக்கம்மா போடறது? ரோட்டுப் பக்கமா, வாய்க்கா பக்கமா?" என்று கஸ்தூரியிடம் கேட்டான்.

"வாய்க்கா பக்கம் ஈரமா இருக்குது மேஸ்திரி. ரோட்டுப் பக்கம் போடுங்க."

குனிந்து, மூலையில் நின்ற குத்தை இடது கையால் வளைத்து அணைத்துக்கொண்டாள். தோகை கன்னத்தில் உரசிக் கிழித்தது. வலது கையைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் அரங்கநாதன் பக்கம் நீட்டினாள், சிவப்பு வயர் சுற்றிய கைப்பிடிக்காக, விரல்களை விரித்து. விரல் நுனியில் சீட்டின் கரி ஒட்டியிருந்தது. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.